இரண்டு கோடு கீழே

கோர்க்கி நகரம். மார்ச். இரவு ஒன்றரை.
ஓகா நதியின் பனிப்பாளம்
இன்றோ நாளையோ உடைவேன் என்று முனகிக்கொண்டிருக்கிறது.
ஆய்வகத்தின் மூன்றாம் தளத்தில் இரண்டே பேர்,
நடுவே ஆளுயரச் செப்புக் குழாய்,
குழாய்க்குள் காற்றை உறிஞ்சியெடுத்த வெறுமை.

மின்ஸிஃபா, தாத்தார் இனத்துப் பெண்.
தன் பெயரின் முதலெழுத்துகளில்
தமிழின் மின்சாரம் ஒளிந்திருப்பதை
அவளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.
அவன் அவெர்யான். போன நவம்பர் வரை கணவன்.
தீர்ப்பு வந்துவிட்டது, வீடு வரவில்லை;
வரிசையில் எண் நானூற்றுப் பதினேழு.
அதனால் பதினாறு சதுர மீட்டர் அறை,
குறுக்கே பூப்போட்ட ஒரு திரை,
இந்தப் பக்கம் ஓர் இருமல்,
அந்தப் பக்கம் ஓர் இருமல்.

வேலையிலும் ஒரே குழாய்.

அதன் அடியில் சிவந்து காய்கிறது ஒரு வளையம்.
விளிம்பிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்படுகின்றன.
நேரே போக விடாது காந்தம்.
சுற்று என்கிறது. சுற்றுகின்றன,
சுற்றிக்கொண்டே ஏறுகின்றன,
ஏற ஏறக் காந்தம் இறுக்க
வட்டம் சிறுத்துச் சுழற்சி வெறிகொள்கிறது.
கோடானுகோடிச் சுழல்கள், தத்தம் போக்கில்.
ஒன்று அலைக்கு ஒரு துளி ஈந்தால்
எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று அதைப் பிடுங்கிக்கொள்ளும்.
வரவும் செலவும் சரி. வெளியே வருவது பூஜ்யம்.

ஆனால் வேகம் கூடியது சற்றே கனக்கும்.
கனத்தது பிந்தும்.
இழந்தது இலேசாகி முந்தும்.
பிந்தியதும் முந்தியதும்
வட்டத்தின் ஒரே மூலைக்கு வந்துசேரும்.
(வட்டத்துக்கு ஏது மூலை? இருக்கட்டும்.)

அவெர்யானின் தாளில் ஒரு புள்ளி,
சுழற்சியும் அலையும் அச்சொட்டாய் ஒத்துப்போகிற இடம்.
சிவப்புப் பென்சிலில் மும்முறை அடிக்கோடு.
மூன்று வாரமாய் அங்கேயேதான் சுடுகிறார்கள்.
வெளியேறும் சாளரத்தின் முன்
கோபால்ட் உப்பில் நனைத்த ஒற்றுத்தாள்:
ஈரத்தில் ரோஜா நிறம், சூடுபட்டால் நீலம்.
மூன்று வாரமாய் அது ரோஜாதான்,
மகப்பேறு மருத்துவமனைச் சுவர் போல.

தேநீருக்குத் தண்ணீர் பிடிக்க அவன் நடைக்கூடம் போனான்.
அவள் காந்தத்தின் குமிழைத் தொட்டாள்.
இரண்டு கோடு கீழே.

கேட்டிருந்தால் பாதிக் காரணம் சொல்லியிருப்பாள்:
அச்சொட்டாய் ஒத்துப்போனால்
திரண்ட கூட்டம் கொடுக்கிற பக்கமும் சாயாது
வாங்குகிற பக்கமும் சாயாது,
நடுவிலேயே நின்று தொலைக்கும்.
ஓர் இம்மி ஒவ்வாமை வேண்டும்,
கூட்டம் நழுவிக் கொடுக்கும் பக்கம் விழ.
மீதிப் பாதி, கை அரித்தது.

பொத்தான்.
மின்தேக்கிகள் டக்கென்று ஒரு சொல் சொல்லின.
அலமாரியில் யாரும் இணைக்காத நியான் விளக்கு
தானே சிவந்து அணைந்தது.
மறுபடி பொத்தான். மறுபடி. மறுபடி.
தாளில் ஒரு நீல வளையம்,
அதற்குள் மெலிந்த இன்னொன்று.

கெட்டிலோடு வாசலில் நின்றவன்
தாளைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான்,
அவளைப் பார்க்கவில்லை.
"எவ்வளவு கீழே?"
"இரண்டு கோடு."
பதிவேட்டை இழுத்து எண்ணை எழுதினான்.
இயக்கியவர் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது.
பிறகு அவள் திரும்பப் பெற்ற பெயரை,
ஷைதுல்லினா என்று,
முதல்முறையாக, பிழையில்லாமல்.

கொடுத்து முடித்த எலெக்ட்ரான்கள்
மேலே செப்புச் சுவரில் முட்டி வெறும் சூடாயின.
அந்தச் சூட்டைக் கழுவி வந்த தண்ணீர்
ரப்பர்க் குழாய் வழியே தொட்டியில் விழுந்தது.
அதில் கோப்பைகளை அலசினாள். கைக்கு இதமாக இருந்தது.

அதற்குள் அறையின் ஈரத்தைக் குடித்து
தாள் மறுபடி ரோஜாவாகத் தொடங்கியிருந்தது.
விடியும்முன் வளையம் இருக்காது.
பென்சிலை எடுத்து நீலத்தின் ஓரமாக
அவசரமாய் வரைந்தாள்.
ஊறிய தாள் நழுவாமல்
மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டான்.
கோடு கோணலாகத்தான் வந்தது.